பொருளின் விவரம்

படிவம் தொண்ணூற்றைந்தில்
பொருளின் விவரம் எழுத ஒரு கட்டம்.
இரண்டு விரல் அகலம்.
'பயங்கர ஆயுதம், ஒன்று'ன்னு எழுதிட்டு வாம்மா,
மணி ஏழாச்சு என்கிறார் எஸ்.ஐ.

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
போன வாரம் ஒரு கோழியைக்கூட
நாட்டுக்கோழி, கழுத்து மொட்டை,
வலது காலில் பச்சைக் கயிறு
என்று எழுதித்தான் கோர்ட்டுக்கு அனுப்பினேன்.
இதை என்னவென்று எழுத?

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.
விரித்தால் கொடுக்காப்புளிக் காயின் வளைவு.
கடையில் வாங்கியதில்லை.
பழைய அரத்தை அடித்து வளைத்திருக்கிறான் எவனோ,
முதுகுப் பக்கம் அரத்தின் பல்
இன்னும் மங்கலாக ஓடுகிறது.
பிடி மாட்டுக்கொம்பு.
ஆணிக்கு வாசராக ஓட்டைக் காலணா,
விளக்கடியில் சாய்த்தால் 1944.

வேறு மனுவோடு வந்திருந்த கொடிக்கால்காரர்
பார்த்ததும், அகத்தி கழிக்கிறதுங்க, என்றார்.
ராஜகிரி ஜபருல்லா கட்டைவிரலில் கூர் பார்த்து
இந்த வளைவு தோலைக் கிழிச்சிடும்
என்று தன் தொழிலை மட்டும் விலக்கிக்கொண்டார்.
வாழையிலைக்கு என்றது பாரா.
ஜீப் டிரைவருக்கு எல்லாமே கொலைக் கத்தி.

அவரவர் கையில் வேறு வேறாக விரிந்தது.
விரிந்தது என்றா சொன்னேன்?
ஒருவருக்கும் சட்டென விரியவில்லை.
நகம் வழுக்கியது.
ஏட்டு பல்லால் இழுத்தார்.

அப்போதுதான் பார்த்தேன்.
நகம் மாட்டும் பள்ளம் மறுபக்கம் இருக்கிறது.
சாணை பிடித்த சரிவும் மறுபக்கம்.
கை மாற்றிப் பிடித்தேன்.
பீச்சாங்கை நகம் பட்டதும்
வளர்த்தவன் குரல் கேட்ட நாய் மாதிரி
எழுந்து வந்தது.

லாக்கப்பில் மதலைமுத்து.
குடமுருட்டிக் கிளை மதகில் வாய்த்தகராறு,
இந்தக் கத்தியால் வெட்டினான் என்று வழக்கு.
டீ கொடுத்தேன்.
சோத்தாங்கையால் வாங்கினான்,
அது எல்லோரும் செய்வது.
கன்னத்தில் கொசு உட்கார்ந்தது.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
அதே கையால் அடித்தான்.

புகார் மனுவைத் திரும்ப எடுத்தேன்.
ரத்தினசபாபதி, வயது ஐம்பத்தெட்டு.
வலது முன்கையில் நாலு தையல்.
கையெழுத்தின் மேல் மை இழுபட்டிருக்கிறது,
எழுதிய கையே துடைத்துக்கொண்டு போனது போல.
தையல் போட்டதால் கை மாற்றி எழுதியவன்
கோணலாக எழுதுவான்.
இது நாற்பது வருடப் பழக்கம்.
ஒரு சுழி பிசகவில்லை.

அந்தக் கத்தி எதை அறுக்கச் செய்தது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.
அகத்தியோ, கயிறோ, வேறெதுவோ.
தெரிந்ததை எழுதினேன்:

வளைந்த மடக்குக் கத்தி, கைவேலை, ஒன்று.
கொம்புப் பிடி. ஓட்டைக் காலணா வாசர்.
இடதுகைக்காரருக்குச் செய்தது.

கட்டம் போதவில்லை.
கடைசி வரியை ஓரத்தில் ஏற்றி எழுத வேண்டியிருந்தது.

எஸ்.ஐ. வாசித்தார்.
மறுபடி வாசித்தார்.
கையை நீட்டிப் பேனா கேட்டார்.
அடிக்கவா, கையெழுத்துப் போடவா
என்று நான் கேட்கவில்லை.
கொடுத்தேன்.
மூடியைத் திறக்காமல்
வெகுநேரம் வைத்திருந்தார்.