எத்தனையாவது

பேனர் கடைத் தியாகு மூன்றாம் முறை அழைக்கிறான்.
‘மாதர் அனைத்துலகக் காற்பந்துக் கிண்ணம்’ வரைக்கும் அடித்தாயிற்றாம்.
எத்தனையாவது ஆண்டு, அக்கா?
எண் மட்டும் பாக்கி.

நான் பொருளாளர். ஒரு காலத்தில் இடது பின்காப்பு.
முட்டி தேய்ந்தபின் கணக்குக்கு மாறினேன்.
என்னிடம் வரலாறு கிடையாது,
மைலோ டின் நிறைய ரசீதுகள்தான்.

கொட்டுகிறேன்.
சுண்ணாம்பு இரண்டு மூட்டை. ஆரஞ்சு நூற்றிருபது.
ஹட்யாய் குழு பள்ளி மண்டபத்தில் படுக்கப்
பாய் பதினெட்டு.
அவர்களுடைய கோல்காவலர் சொம்சி விட்ட குறட்டைக்கு ரசீது இல்லை.
எல்லா ஆண்டும் ஒரு வரி: ‘பஞ்சு, ஆறு வெள்ளி.’
காயத்துக்கா, என்றார் தணிக்கையாளர்.
ஆமாம் ஐயா, என்றேன்.
மாதம் தவறாத காயம் என்று சொல்லவில்லை.

முதல் ஆண்டு
செந்தூல் திடலில் ஒன்பது மணிக்கு ஆண்களின் ஹாக்கி.
அதற்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.
மேடான் பெண்கள் பசியாறாமலே வந்து
நான்கு கோல் போட்டுவிட்டுப் போனார்கள்.

கிண்ணம் அடகுக் கடையில் இருந்த ஆண்டு
வென்றவர்கள் சோற்றுக் குக்கரைத்
தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
புகைமூட்ட ஆண்டில்
பந்து எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டபடி ஓடினோம்.
இடைவேளையோடு நிறுத்தம்.
அதை அரை என்று எண்ணுவதா?

ரொக்கியா இருபத்தொன்பது என்கிறாள்.
யோக் லான் முப்பத்தொன்று.
புகையைத் தள்ளினால் முப்பது.
சண்டை அங்கே இல்லை,
எண்பத்து நான்கில்.

அந்த ஆண்டு யாரும் வரவில்லை.
மேடான் படகு புயலில். ஹட்யாய் பேருந்து எல்லையில்.
கொழும்பிலிருந்து தந்தி, மூன்றே சொல்:
வர முடியாது. மன்னிக்கவும்.
கோடு போட்டாயிற்று, ஆரஞ்சு நறுக்கியாயிற்று,
டிக்கெட் வாங்கிய முந்நூறு பேர்
புல்லில் சம்மணமிட்டுவிட்டார்கள்.
ரொக்கியாதான் சொன்னாள்:
பாதிப் பேர் சட்டையைப் புரட்டிப் போடுங்கடி.
தையல் வெளியே தெரிய
பத்துப் பேர் வெளிநாடு ஆனார்கள்.

ஒரு ஆள் குறைந்தது.
கொடிக் கம்பத்தருகே சுண்ணாம்பு வாளியோடு மரகதவல்லி.

பத்து ஆராங்கில் பிறந்தவள். பிறந்ததற்குத் தாள் இல்லை.
வலது காலில் அப்படியோர் அடி.
நாட்டு அணிக்கு நீல அடையாள அட்டை வேண்டும்;
நடுவர் பையில் கை விடும் முன்பே
இவள் பையில் சிவப்பு அட்டை.
ஏழு ஆண்டு கோடு போட்டவள்
ஒரு நாளும் கோட்டைத் தாண்டி வந்ததில்லை.

வெளிநாட்டுக்கு விதி எழுதவில்லையே.
தலைவியும் அவளே.

நெகாராகூ முடிந்தது.
அடுத்தது உங்களுடையது, என்ன போட, என்று
ஒலிபெருக்கிக்காரர் கையை விரித்தார்.
அரை நிமிடம் எதுவும் ஒலிக்கவில்லை.
மார்பில் கை வைத்து நின்றாள்,
தெரிந்த பாட்டைக் கேட்பவள் போல.

இரண்டுக்கு ஒன்று. இரண்டும் அவள் போட்டது.
தடுக்கவேண்டியவள் நான்.
விட்டுக்கொடுத்தாயா என்று இன்னமும் கேட்கிறார்கள்.
இந்த முட்டியைத் தொட்டுச் சொல்கிறேன்,
என்னால் முடியவில்லை.

நமக்கு நாமே ஆடியது அனைத்துலகமா, சேர்க்காதே,
ரொக்கியா போனில் கத்துகிறாள்,
சட்டையைப் புரட்டச் சொன்ன அதே வாயால்.

அந்த ஆண்டின் ரசீதுகள்:
ஆரஞ்சு. பனிக்கட்டி. பஞ்சு.
கடைசியில் என் கையெழுத்து,
‘வருகை அணித் தலைவிக்கு நினைவுப் பரிசு,
துண்டு ஒன்று, நான்கு வெள்ளி ஐம்பது காசு.’

தியாகு, எழுதிக்கொள்.
முப்பத்தொன்று.
ஆமாம், புகையும் சேர்த்துத்தான்.
பில்லை மறக்காமல் கொடுத்தனுப்பு,
டின்னில் இன்னும் இடம் இருக்கிறது.