உற்பத்தி நாடு

எத்திராஜுலு எடை போட்டுத்தான் கொடுப்பார்.
கிலோ அறுபது.
கேட்ரிட்ஜும் மிக்ஸி மூடியும் அவருக்கு ஒன்றே.
"இன்னாம்மா பொறுக்கிகினே கீற,
எல்லாம் பிளாஸ்டிக்தான?"

ஆபீசர்ஸ் லைன் மாடிக்கடையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொட்டினேன்.
பதினேழு.

லேபிளை நான் நம்புவதில்லை.
லேபிள் சொல்லும், ஆயிரத்தொரு விளையாட்டு என்று.
எண்ணினால் ஏழு.
மிச்சமெல்லாம் அதே ஏழு, சட்டை மாற்றிக்கொண்டு.
திறந்து பார்க்க வேண்டும்.
பலகையில் உறைந்த தார் மாதிரி
கருப்புச் சொட்டு இருந்தால் நகல், நூற்றைம்பது.
கால் முளைத்த சிப், முதுகில் நாலு எண்,
8637 என்றால் எண்பத்தாறு, முப்பத்தேழாம் வாரம்:
பெங்களூர் ஹெக்டே மூவாயிரம் வரை போவார்.
பற்களில் பச்சை பூத்திருந்தால் குறைப்பார்.
அந்தப் பச்சை எச்சில்.
ஓடாதபோதெல்லாம் ஊதியிருக்கிறார்கள்
ஏதோ ஒரு வீட்டில், முறை வைத்து, சண்டை போட்டு.
ஹெக்டேயின் பட்டியலில் அதற்குப் பெயர் சேதம்.

பதினாறும் சொட்டு.

பதினேழாவதற்கு லேபிளே இல்லை.
திருகு இருக்க வேண்டிய இடத்தில்
ஷூவில் கயிறு கோக்கும் துளைக்கு அடிக்கிற ஐலெட்.
ஆம்பூர் ஃபாக்டரியில் இரண்டு வருடம்
நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு அடித்தவள் நான்.
அதே அளவு. அதே பித்தளை.

நெம்பித் திறந்தால்
சிப்பின் மேல் ஒரு துண்டு ஆஸ்பத்திரி பிளாஸ்திரி,
ஊசி குத்திய கையில் ஒட்டுவார்களே, அந்தப் பழுப்பு.
ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் 3/93.
தேதியோ, பின்னமோ.
அடியில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், எனக்குத் தெரியும்.
இந்தச் சிப்பில் எழுதியதை வெயில் அழித்துவிடும்.
ஒரு வாரம் திறந்து வைத்தால் போதும் என்பார்கள்.
வேலூர் வெயிலைப் பார்க்காதவர்கள் போட்ட கணக்கு அது.

ஷட்டரைப் பாதி இறக்கி
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பல் துடைத்துச் செருகினேன்.

டாங்கி விளையாட்டுதான், ஆயிரம் முறை பார்த்தது.
ஆனால் செங்கல் சுவரைச் சுற்றி அகழி.
வாசல் ஒன்று.
தினம் பஸ்ஸில் தாண்டுகிற கோட்டை
டிவிக்குள் கட்டம் கட்டமாக நிற்கிறது.
நடுவில், காக்க வேண்டிய கொடி இருக்க வேண்டிய இடத்தில்,
ஒன்றுமில்லை.
ராஜா இல்லாத கோட்டை என்று
நம்மூரைக் கேலி பேசுவார்களே,
அதை ஒருவன் உட்கார்ந்து எழுதி, எரித்து, பிளாஸ்திரி ஒட்டி...
ஒருத்தியாகவும் இருக்கலாம்.
எதிரி டாங்கிகள் உள்ளே புகுந்து
அடிக்க எதுவும் கிடைக்காமல் சுற்றுகின்றன,
லாட்ஜ் தேடுகிற வெளியூர்க்காரர்கள் போல.
என் உயிர்கள்தான் தீர்ந்தன. கோட்டை தோற்கவேயில்லை.
கட்டைவிரல் வீங்கும்வரை ஆடினேன்.

"எத்தனை இருக்கு?" என்றார் ஹெக்டே.
"ஒண்ணு."
"ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?"
தெரியாது.
இல்லாத இன்னொன்றை எந்த மூட்டையில் தேடி
இல்லை என்று காட்டுவது?
எத்திராஜுலுவிடம் கேட்டேன், யார் வீட்டுச் சாமான்?
"சத்துவாச்சாரியோ காட்பாடியோ,
மூட்டைக்கு இன்னாம்மா ஊரு?"

படிவம் வந்தது. பெயர், ஆண்டு, உற்பத்தி நாடு.
ஓடு தைவான்.
சிப் ஜப்பானோ மலேசியாவோ.
ஐலெட் ஆம்பூர்.
பிளாஸ்திரி எந்த வார்டோ, யாருடைய கையோ.
"அதை உரிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க மேடம்,
எட்டாயிரம் தரேன்."
கடைக்கு ஒன்றரை மாத வாடகை.

கீழே மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கினேன்.
பழையதன் ஓரம் சுருண்டிருந்தது.
எழுத்து மறையாமல் அதன் மேலேயே ஒட்டினேன்.
ஓட்டை மூடி, புது ஐலெட் வைத்து, ஒரே அடி.
கை மறக்கவில்லை.

படிவத்தில் ஆண்டை எழுதியாயிற்று.
நாளைக்கு அனுப்புகிறேன் என்று ஹெக்டேயிடம் சொன்னேன்.
நேற்றும் அதைத்தான் சொன்னேன்.