நான்கு நொடி

கைகள் செய்வது என் வேலை.
அலுமினியக் கம்பி, அதன்மேல் ரப்பர்,
அதற்கும் மேல் தேநீரில் தோய்த்த மெல்லிய தாள்.
அதுதான் தோல்.
ஓயாமல் மடக்கி நீட்டினால் கம்பி முறிந்துவிடும்.
பிப்ரவரிக்குள் ஒன்பது வலது கைகள் முறிந்திருந்தன.
இடது கை இரண்டுதான்.
கோப்பையைத் தூக்குவதெல்லாம் வலது.

படம் லேலோவுடையது.
பொம்மை அவள் பாட்டி ஹெல்யு:
தாலின் தெருக்களில் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர்.
இப்போது லஸ்னமேயில், ஒன்பதாவது மாடியில்.
மாதத்தில் பாதி நாள் லிஃப்ட் ஓடாது.

நிறுத்துகடிகாரத்தோடு போய்
பாட்டி நாற்காலியை விட்டு எழுவதை அளந்து வந்தாள் லேலோ.
பதினோரு நொடி.
மூன்று முறை எழச் சொன்னாளாம்.
முதல் தடவைதான் இலவசம் என்றாராம் அவர்.

பதினோரு நொடி என்றால்
நூற்று முப்பத்திரண்டு படங்கள்.
மூச்சு பட்டால் பொம்மையின் நரைமயிர் அசையும்,
வாயைக் கட்டிக்கொண்டு மூன்று நாள்
ஒரு முழங்காலை நிமிர்த்தினோம்.

தயாரிப்பாளர் ரைவோ பார்த்துவிட்டுச் சொன்னார்:
இது எழுவதற்குள் அரங்கமே எழுந்து போய்விடும்.
நான்காகக் குறை.

லேலோ கதவை அறைந்ததில்
பாதத்துக் காந்தம் நழுவி
பொம்மை முகம் குப்புற விழுந்தது.
மூக்கை நான்தான் ஒட்டினேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன்,
பத்தாவது கையைத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு,
கணுக்களை ஒப்பிட்டுப் பார்க்க.
ஹெல்யு கம்பு ரொட்டியில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்.
தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார்.
தன் மணிக்கட்டைத் தட்டினார்.
பனியில் வழுக்கிய வருடம் வைத்த எஃகுத் தகடு.
"எனக்குள்ளும் கம்பிதான். என்னுடையது முறியவில்லை.
உனக்கு எங்கே வாங்குகிறார்கள்?"

லேலோ வழக்கைச் சொன்னாள்:
உண்மை, மரியாதை, முதுமையின் நேரம்.
நிறைய பேசினாள்.
பாட்டி விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கினார்.

"நான்கே வை.
பதினொன்று எனக்கு வீட்டிலேயே கிடைக்கிறது."

வாசல்வரை வந்தபின் இன்னொன்றும் சொன்னார்:
"ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறாயாமே.
நான் எந்தக் காலத்திலடி ஜன்னலைப் பார்த்தேன்?
நான் பார்த்தது தண்டவாளம்."

எட்டு நாள் உழைப்பு போயிற்று.
ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தோம்.
லேலோ என்னிடம் பேசவில்லை,
நான் சிரித்துவிட்டேன் என்பதால்.

நவம்பரில் திரையிட்டார்கள்.
ஹெல்யு எனக்கு இடப்பக்கம், கோட்டைக் கழற்றாமல்.
திரையில் அவர் எழுந்தார்,
நாற்பத்தெட்டே படங்களில்,
கொதிக்கும் பாலை அணைக்க எழுபவளைப் போல.
பக்கத்தில் இருட்டில்
அவரது வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.
டிராமில் மணியடிக்கும் மிதி அங்கேதான் இருக்கும்.
மணி எதுவும் அடிக்கவில்லை.

விளக்குகள் வந்தன. கைதட்டல்.
லேலோ மேடையில் யார் யாருக்கோ நன்றி சொன்னாள்,
என் பெயரைத் தவறாக உச்சரித்தாள்.
ஹெல்யு முன்னிருக்கையின் முதுகைப் பிடித்தார்.
வரிசை முழுக்க
முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு நின்றோம்.

பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
பதினான்கு.

லேலோ கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.