பதினேழாம் உலை

வொல்லங்காங், இரவு ஒன்றே கால்.
மழை விட்டும் போர்ட் கெம்ப்ளா பக்கம்
வானம் ஆரஞ்சாய்க் கசிகிறது.
கீழ்த்தளத்தில் இருபத்து நான்கு உலைகள்.
ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு உருக்குக் கம்பி.
மேலே பிடி, கீழே எடை,
சுற்றிலும் அறுநூற்றைம்பது டிகிரி.
ஆய்வு என்பது
தொங்கவிட்டுக் காத்திருப்பது.

இப்படி உலோகம் மெல்ல நீள்வதற்குத்
தவழ்வு என்று பெயர்.
ஆங்கிலத்தில் அந்தச் சொல் பம்மிப் பம்மி வரும் திருடன்.
தமிழில் ஏனோ குழந்தை.
தாங்கக்கூடிய சுமைதான் எல்லாம்;
ஒரு நாள் தாங்கும், நூறு நாள் தாங்கும்.

பாலைவனத்தில் கண்ணாடிகள் நடுவே
உருகிய உப்பு ஓடப்போகும் குழாய்க்காக
முப்பது வருடம் வருமா என்று கேட்கிறார்கள்.
எங்கள் கையில் பதின்மூன்று மாதம்.
மீதியை
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து நிரப்புவோம்.

மூன்றாம் உலைக் கம்பி ஏப்ரலில் அறுந்தது.
மணல் தட்டில் எடை விழுந்த சத்தம் கேட்டது
தரை துடைத்துக்கொண்டிருந்த லெசீனாவுக்கு மட்டும்.
டிஷ்யூ பெட்டியின் முதுகில் நேரம் எழுதிவைத்தாள்: 4.07.
கணினி 4.09 என்றது.
நான் லெசீனாவை நம்பினேன்.

செவ்வாய்க்கிழமைப் புயலில் மின்சாரம் போனது,
நாற்பத்தொரு நிமிடம்.
பதினேழாம் உலை முந்நூறுக்கு இறங்கி
மறுபடி ஏறியது.
"ஒன்பதாயிரத்துச் சொச்சம் மணி நேரத்தில் அது கொசு,"
என்றான் ஸ்லவ்கோ.
வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைச்
சற்றுச் சமன் செய்துவிடலாமே என்றது
மேலிருந்து வந்த மின்னஞ்சல், மிகக் கனிவாக.

கொசுதான்.
ஆனால் ஆறிச் சூடேறிய அந்தக் கம்பிக்குள்
என்ன மனம் மாறியது என்று
எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.
பேனாவால் எழுதினேன்: மின்தடை, 41 நிமி.
கீழே என் கையெழுத்து,
தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக.

வெள்ளிக்கிழமை அறிக்கை.
அறுந்தவை எல்லாம் கரும்புள்ளி.
பதினேழுக்குப் புள்ளியோடு
வலப்பக்கம் ஓர் அம்புக்குறி.
இன்னும் அறவில்லை என்று அதற்குப் பொருள்.
அறாது என்று அல்ல.

வாசலில் ஸ்லவ்கோ
ஈரச் சப்பாத்தை உதறிக்கொண்டே கேட்கிறான்:
"இருக்கா?"
"பதினேழா?
நேற்றைக்கு இன்று
நாலு மைக்ரான்."