உடம்படுமெய்

"வான்னு சொல்ல மாட்டேங்குதுக்கா" என்று
காட்பாடி ரெஜினால்டு மேசையில் வைத்தான்
ஒற்றைச் செருப்பளவு இரும்புப் பெட்டியை.
மிதித்தால் ஊ என்கிறது.
இன்னும் அழுத்தினால்
இன்னும் கொஞ்சம் ஊ.
சளி பிடித்த எருமை மாதிரி.
சென்னையில் ஒருத்தன் போன மாதம்
சரிசெய்து கொடுத்தானாம்,
எண்ணூறு ரூபாய்.

சாரதி மாளிகை மாடியில் என் கடை.
மே மாதம்.
எதிரே கோட்டை மலை, அடுப்பிலேற்றிய கல்.
பற்றவைக்கும் கோல் எது, என் விரல் எது என்று
ஈயத்துக்கே குழப்பம்.

நான்கு திருகு. அடித்தகடு கழன்றது.
பல் வைத்த சட்டம் ஒன்று,
கால் இறங்கினால் தானும் இறங்கி
பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பும்.
இரண்டு டிரான்சிஸ்டர்.
ஃபெரைட் வயிற்றுக்குள்
முடியைவிட மெல்லிய கம்பி சுற்றிய காயில்.
அவ்வளவுதான் அதன் தொண்டை.

காயிலும் கெப்பாசிட்டரும் கூடி
ஒலிக்குள் ஒரு மேடு எழுப்பும்.
மேட்டில் நிற்கிற அதிர்வு ஓங்கும்,
மற்றதெல்லாம் பள்ளத்தில் முனகும்.
காயிலை ஒட்டி முப்பத்து மூன்று கிலோ ஓம்,
மேட்டின் முனையை மழுக்குகிற வேலை அதற்கு.
எடுத்துவிட்டால் மேடு கத்தி,
கேட்கிறவன் காதுக்குத் தையல்.

கால் செய்வதெல்லாம்
மேட்டை நகர்த்துவது.
கீழே இருந்தால் ஊ,
மேலே ஏறினால் ஆ.

எட்டாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்தது:
ஊவுக்கு இதழ் குவிய வேண்டும்,
ஆவுக்கு அங்காக்க வேண்டும்.
இந்தப் பெட்டிக்கு உதடே இல்லை.

கண்டுபிடித்தேன்.
103 இருக்க வேண்டிய இடத்தில் 104.
கடைசி எண், பின்னால் நிற்கும் பூஜ்யங்களின் கணக்கு.
பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று எவன் சொன்னது?
பத்து மடங்கு.
மேடு பாலாற்று மணலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
எவ்வளவு மிதித்தாலும்
வாய் பாதிகூடத் திறக்காது.

டப்பாவில் இரண்டு வகை 103.
என்னிடமிருந்த செராமிக் மலிவு,
ஆனால் வெயிலுக்கு மதிப்பு நழுவும்,
காலையில் சொன்ன சொல்லை மதியம் மாற்றும்.
அப்படிப்பட்டவர்கள் எனக்குப் போதும்.
பாலியஸ்டரை எடுத்தேன்.

கடைசிப் புள்ளி உறைவதற்குள் கரண்ட் போனது.
ஃபேன்கள் நின்றன. கிரைண்டர்கள் நின்றன.
கீழே செல்போன் கடைகளின் விளம்பரக் குரல்கள்
பாதி வார்த்தையில் நின்றன.
பெடலுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி.
அவனிடம் உள்ளங்கை அகல ஆம்ப் ஒன்று,
அதற்கும் பேட்டரி.
ஒரே கம்பியை மீட்டினான்.

மெதுவாக மிதித்தான்.
ஊ. அப்புறம் ஆ.
பக்கத்துப் பக்கத்து வீடு,
பேச்சுவார்த்தை இல்லை.

வேகமாக மிதித்தான்.

வா.

"அந்த வ் எந்தப் பார்ட்லக்கா இருக்கு?"

காயிலில் இல்லை. கெப்பாசிட்டரில் இல்லை.
டிரான்சிஸ்டரின் மூன்று காலிலும் இல்லை.
ஊவும் ஆவும் சேர்கிற இடத்தில்
யாரும் வைக்காமல் வந்து நிற்கும் மெய்.
உடம்படுமெய் என்றேன்.
புது பிராண்டு என்று நினைத்துக்கொண்டு
தலையாட்டினான்.

மறுபடி வா. மறுபடி வா.
சத்தமில்லாத பஜாரில் அது படியிறங்கிப் போனது.

கீழே ஆட்டோ ஒன்று உறுமி நின்றது.
சலாவுதீன் அண்ணன் தலையை நீட்டி,
"இன்னாம்மா, கூப்ட்டியா?"

நான் இல்லை என்றேன்.
பெடல் ஆமாம் என்றது.

அறுபது ரூபாய் வாங்கினேன்.
அதே ஆட்டோவில் போனான் ரெஜினால்டு,
காட்பாடிக்கு நூற்றைம்பதா என்று
பாலம் வரை சண்டை போட்டிருப்பான்.

கழற்றிய 104-ஐத் தூக்கிப் போடவில்லை.
வாய் திறக்காததும் ஒரு குரல்.
பேஸ் கிடார்க்காரன் எவனாவது வருவான்,
ஊ மட்டும் போதும் என்று.