ஒரு சுற்றுக்கு எவ்வளவு

சாப்பாட்டு மேசையில் மூன்று அட்டைப்பெட்டிகள்.
செருப்புப் பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி,
காகிதத்தில் இருந்த அளவுக்கு நானே செய்தவை.
ஒவ்வொன்றும் ஒரு சூப்பர்சார்ஜரின் உடம்பு.
மேலே பேனாவால் எழுதியிருக்கிறேன்,
ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றை லிட்டரில்:
0.9. 1.2. 1.7.
நடுப்பெட்டிக்குள் லுஸ்மாரி
தன் பொம்மையைத் தூங்கவைத்துவிட்டாள்.
சலீனாஸில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
வெளியே நகம் அளவுத் தவளைகள்
கோக்கீ, கோக்கீ என்று ஊரையே ஏலம் விடுகின்றன.

வண்டி எண்பத்தேழாம் வருடத்து மாஸ்டா.
பிஸ்டன் கிடையாது. வால்வு கிடையாது.
பக்கம் உப்பிய இரண்டு முக்கோணங்கள்
இடுப்பு ஒடுங்கிய இரண்டு அறைகளுக்குள்
சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.
சும்மா நிற்கும்போது விக்கும்.
எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும்.
அது நோயல்ல, பிறவிக்குணம்.

"பெரியதைப் போடு" என்கிறான் கொழுந்தன் எலியேசர்.
"ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில்
ஒரு பயல் உன் பக்கத்தில் நிற்கமாட்டான்."
அவனுக்கு உலகம் கால் மைல் நீளம்.
எனக்கோ ஐம்பத்திரண்டாம் நெடுஞ்சாலை,
கயெய் மேடு,
அதில் முக்கிக்கொண்டு ஏறும் சிமென்ட் லாரி.
மூன்றாவது கியரில் அதைத் தாண்ட
நாலு விநாடி வேண்டும்.
என் கணக்கெல்லாம் அந்த நாலு விநாடிக்கு.

எஞ்சின் ஒரு சுற்றுக்குக் கேட்பது 1.3 லிட்டர்.
சின்னதை ஒன்றரை மடங்கு சுழற்றினால்
கேட்டதைக் கொடுத்துவிட்டுக்
கையைத் துடைத்துக்கொள்ளும்.
இன்னும் சுழற்றலாம். சுழற்றினால் சுடும்.
சூடான காற்று வதந்தி மாதிரி,
ஊதிப் பெருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.
பெரியதோ வேண்டாம் என்றாலும் தரும்.
பன்னிரண்டு ராத்தல் அழுத்தம்,
பானெட்டில் ஓட்டை,
ஓட்டை வழியே செப்டம்பர் மழை.

அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும்
இரண்டு மில்லிமீட்டரில் ஒரு பட்டை.
நெருப்பு ஒருமுறை அவசரப்பட்டால் போதும்,
ஒரு 'டிக்'.
பிறகு இழுவண்டிக்காரனுக்கு போன்.

என் வேலை கயெய் ஆஸ்பத்திரியில், இரவில்,
தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு
இயந்திரத்தில் மூச்சு வைப்பது.
எவ்வளவு காற்று என்பதை
எடையைப் பார்த்து முடிவுசெய்வதில்லை நாங்கள்,
உயரத்தைப் பார்த்து.
ஆள் பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை.
புதிதில் ஒருமுறை
பீப்பாய் உடம்புக்காரர், நண்டு வியாபாரி,
பார்த்த கண்ணுக்கு நூறு மில்லி கூட வைத்துவிட்டேன்.
அலாரம் அடித்தது. குறைத்தேன். பிழைத்தார்.
கிறிஸ்துமஸுக்கு நண்டு கொண்டுவந்தார்.

இந்த எஞ்சினில் அலாரம் இல்லை.

"நடுவில் உள்ளது" என்றேன்.
"ஒன்றரை மடங்குப் புல்லி. ஐந்தரை ராத்தல்."
"ஐந்தரையா?" எலியேசர் நெஞ்சில் கைவைத்தான்.
"சைக்கிள் டயருக்கே நாற்பது அடிக்கிறோம், நெரெய்டா!"
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று
நான் சொல்லவில்லை.
சொன்னால் விரலை மாற்று என்பான்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
நடுப்பெட்டியை எஞ்சின் மேல் வைத்தேன்.
அவன் பானெட்டை இறக்கினான்.
இறங்கியது, இறங்கியது,
ஒரு விரல் மிச்சமிருக்கையில்
அட்டை நெறிந்தது.

"அமுக்காதே!" லுஸ்மாரி அலறினாள்.
"உள்ளே ஆள் தூங்குது!"

தூக்கிவிட்டோம்.
பொம்மையின் முடியில் கிரீஸ்.
பிராக்கெட்டை ஒரு விரல் கீழே இறக்கவேண்டும்.
லேத்துக்காரர் ஹெரிபெர்டோ
செவ்வாய்க்கிழமைதான் கடை திறப்பார்.