நாற்பது நொடி

வூச் நகரத்துப் பழைய நெசவாலை
இப்போது ஹோட்டல்.
கொதிகலன் இருந்த இடத்தில் நீச்சல்குளம்.
மூன்றாம் மாடியில் எங்களுக்கு
ஊக்கமளிப்புப் பயிற்சி.
கிடங்கின் ஷிஃப்ட் தலைவர்கள் பதினோரு பேர்,
காபி, கசகசா ரொட்டி,
கழுத்தில் பெயர் அட்டை.

லுட்விகா பலகையில் முக்கோணம் வரைந்தாள்.
அடியில் வயிறு, உச்சியில் கனவு.
சம்பளம் மட்டும் போதாது என்றாள்.
பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்,
தோள்வலியை விசாரியுங்கள்,
வெள்ளிக்கிழமை ஒரு நட்சத்திரம் குத்திவிடுங்கள்.
ஆடுற மாட்டை ஆடிக் கற,
பாடுற மாட்டைப் பாடிக் கற.
அதையேதான் நான்கு நிறத்தில் சொன்னாள்.
கைதட்டினோம்.

இடைவேளையில், தாழ்வாரத்துக் கண்ணாடிப் பெட்டியில்
நின்றுபோன ஸ்டாப்வாட்ச் ஒன்று.
பக்கத்தில் பழுப்பேறிய தாள், 1926.
தறி எண் 114. கெனோவேஃபா.
அறுந்த இழையை முடிய ஒன்பது நொடி.
நாடா மாற்றப் பதினான்கு.
குனிய மூன்று. நிமிர நான்கு.
நிமிர ஏன் ஒன்று கூடுகிறது என்று
எழுதியவன் யோசித்ததாகத் தெரியவில்லை.
கடைசி வரி, அதே சீரான கையெழுத்து:
அழுதாள். நாற்பது நொடி. கழிக்கவும்.

எதிலிருந்து?

லுட்விகாவைக் கூட்டிவந்து காட்டினேன்.
“அது அந்தக் காலம்.
அப்போது ஆட்களின் கை மட்டும் போதுமென்று நினைத்தார்கள்.
இப்போது நமக்கு மனசும் வேண்டும்.”
வேண்டும் என்ற சொல்
பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான்
எனக்கு உறைத்தது.

திங்கள் இரவு ஷிஃப்ட்.
எண்பத்தாறாம் வரிசை, பூனை உணவுப் பெட்டிகள்.
ஹல்ஷ்காவின் மணிக்கட்டுக் கருவி அசையவில்லை.
என் திரையில் அவள் புள்ளி
மஞ்சளாகி, சிவப்பானது.
போனேன்.
அலமாரியின் இரும்புச் சட்டத்தில்
நெற்றியை வைத்து நின்றிருந்தாள்.
பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.
தோள்வலியை விசாரிக்கலாம்.
நட்சத்திரம்கூடச் சட்டைப்பையில் இருந்தது.

பூட்ஸ் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தேன்.

திரை காரணம் கேட்டது.
கழிப்பறை.
இயந்திரக் கோளாறு.
ஊக்கக் குறைவு.
நான்காவதாக ஒரு கட்டம் இல்லை.

இயந்திரக் கோளாறை அழுத்தினேன்.
பழுதுபார்க்க ஆள் வர
இருபது நிமிடம் ஆகும் என்றது,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

பரவாயில்லை என்றேன்.
மெதுவாகவே வரட்டும்.